பைண்டா, அன்பவுண்டா என்று கேட்பதற்கு முன்னால்

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறீர்கள். 180 மெஷின். உங்களுக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழைய டெபியன் லினக்ஸ் சர்வரில் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் ஓடுகிறது. டிஎன்எஸ் என்றால் இணையத்தில் பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. லேப் மெஷின்களுக்கு இணையத்தில் பெயர் தேடிக் கொடுப்பதும் அதுதான், கல்லூரியின் சொந்த டொமைனை வெளியுலகத்துக்குச் சொல்வதும் அதுதான். இப்போது 8 ஜிபி மெமரியோடு புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது. அதிலும் பைண்டையே போடுவதா, "பைண்ட் ஓட்டைப் பானை, அன்பவுண்ட் போடு" என்ற நண்பர் பேச்சைக் கேட்பதா, இல்லை பவர்டிஎன்எஸ், டிஜேபிடிஎன்எஸ் என்று வேறு பக்கம் போவதா? இதுதான் நீங்கள் எழுதியது. இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது முக்கால்வாசி முடிந்த மாதிரி.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருஷமாக சர்வர் பார்க்கிறேன். பைண்ட், அன்பவுண்ட், என்எஸ்டி மூன்றையும் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். பவர்டிஎன்எஸ் ஒரே ஒரு இடத்தில்தான். நாட் டிஎன்எஸ்ஸை வீட்டில் சோதனைக்குப் போட்டுப் பார்த்ததோடு சரி. அதனால் முதல் மூன்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம், மற்றவற்றைப் பற்றிச் சொல்வதை ஒரு சிட்டிகை உப்பு குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு வேலை. அடங்கல், சிட்டா எல்லாம் ஆன்லைனில் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வயலுக்கு அடங்கல் வேண்டும். எங்கே என்று தெரியாமல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்டால், "மேலூர் தாலுகாவா, அங்கே போங்க" என்பார்கள். தாலுகா ஆபீஸில், "அந்த ஊர் விஏஓவைப் பாருங்க". விஏஓ தன் ஊர்க் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்வார். பக்கத்து ஊரைப் பற்றிக் கேட்டால், அது என் வேலை இல்லை என்பார். டிஎன்எஸ்ஸும் அச்சு அசலாக இப்படித்தான். கலெக்டர் ஆபீஸ் இடத்தில் 13 பெயர்களில் இருக்கும் ரூட் சர்வர்கள், தாலுகா இடத்தில் டாட் இன், டாட் காம் போன்றவற்றின் சர்வர்கள், விஏஓ இடத்தில் அந்தந்த டொமைனின் சர்வர். இந்த மூன்று பேரும் அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லும் வகை. ஆனால் மூன்று ஆபீஸுக்கும் அலைந்து காகிதத்தை வாங்கிவந்து உங்கள் கையில் கொடுக்கும் ஆள் ஒருவர் வேண்டுமே, அவர்தான் ரிசால்வர். வாங்கிவந்ததைத் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் அலையாமலே சொல்வார். அந்தக் குறிப்பை எத்தனை நேரம் நம்பலாம் என்பதை விஏஓவே சொல்லி அனுப்புவார். அதுதான் டிடிஎல்.

இப்போது யோசியுங்கள். விஏஓ யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும், உலகம் முழுவதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அலையும் ஆள் உங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை பார்க்க வேண்டும். தெருவில் போகிறவன் எல்லாம் ஏவினால் என்ன ஆகும்? என்ன ஆகும் என்று அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் பைண்டைப் போட்டுவிட்டு, யாருக்கெல்லாம் தேடிக் கொடுக்கலாம் என்ற வரியை 'எல்லோருக்கும்' என்று எழுதிவிட்டேன். சோதனைக்கு எழுதியது, திருத்த மறந்துபோனது. பத்து நாளில் அந்த மாதத்து டேட்டா மொத்தமும் காலி. யாரோ எவரோ, அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சின்னச் சின்னக் கேள்விகளை அனுப்ப, என் சர்வர் பெரிய பெரிய பதில்களை மூன்றாவது ஆள் ஒருவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. டிஎன்எஸ் கேள்வி, அனுப்பியவர் யார் என்று முதலில் சரிபார்க்காத யுடிபி முறையில் போவதால் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது சுலபம். 2013 மார்ச்சில், ஸ்பாம் அனுப்புகிறவர்களின் பட்டியலை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் மீது நடந்த பெரிய தாக்குதலும் இப்படித் திறந்து கிடந்த ரிசால்வர்களை வைத்துத்தான். நியாயமாகச் சொன்னால், பைண்ட் 9.4 காலத்திலிருந்து அதன் இயல்பு அமைப்பே உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் தேடிக் கொடுப்பதுதான். தப்பு என்னுடையது.

இரண்டையும் ஒன்றாக வைப்பதில் இன்னொரு வம்பு உண்டு. அது சத்தம் போடாமல் வரும். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றியாயிற்று, வெப்சைட் புது முகவரியில் ஜம்மென்று வருகிறது என்று வெளியூரிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். கல்லூரிக்குள் மட்டும் பழைய பக்கமே வரும். காரணம், உள்ளே இருக்கும் சர்வர் இன்னும் தன்னையே விஏஓ என்று நினைத்துக்கொண்டு அந்த டொமைனின் பெயர், முகவரிக் கணக்கு இருக்கும் பழைய ஜோன் ஃபைலைப் படித்துப் பதில் சொல்கிறது, வெளியே போய்க் கேட்பதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை எனக்கு முழு நாள் ஆனது. உங்கள் பழைய சர்வரிலும் யாருமே பயன்படுத்தாத ஜோன் ஃபைல்கள் நாலைந்து கிடக்கும், போய்ப் பாருங்கள்.

ஆகவே இரண்டு வேலையைப் பிரித்து விடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்தத் துறையில் பெரும்பாலோர் ஒத்துப்போகிற விஷயமும்கூட. இனிமேல் மென்பொருள்.

பைண்ட் 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர்கள் எழுதியது. பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான். இப்போது ஐஎஸ்சி என்ற அமைப்பு பராமரிக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன ஓட்டைப் பானைப் பெயர் பைண்ட் 4, பைண்ட் 8 காலத்துச் சொத்து. 2001ல் லயன் என்ற புழு பைண்ட் 8ல் இருந்த ஓட்டை வழியாக லினக்ஸ் மெஷின்களுக்குள் புகுந்து பரவியது. ஆனால் 2000ல் வந்த பைண்ட் 9 அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. அதற்கும் பிரச்சினைகள் வந்தன, 2015ல் ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பி சர்வரைப் படுக்கவைக்கும் பிழை வெளிவந்தது. ஆனால் தன்மையைக் கவனியுங்கள். பைண்ட் 9 உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டால் தானாகவே நின்றுவிடும்படி எழுதப்பட்டது. அதனால் அதன் பிழைகளில் பெரும்பகுதி 'சர்வர் நின்றுபோகும்' வகை, 'திருடன் உள்ளே வருவான்' வகை இல்லை. நின்றுபோவதும் தலைவலிதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இதை விசாரிக்காமல் பைண்ட் ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் 25 வருஷத்துக்கு முந்தைய வதந்தியைச் சொல்கிறார்கள்.

அதே சமயம் பைண்ட் எல்லா வேலையையும் செய்யும் பெரிய பெட்டி என்பது உண்மை. அதைத் தவிர்க்க எழுந்தவைதான் மற்றவை. நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய என்எஸ்டி விஏஓ வேலையை மட்டும் செய்யும், எதையும் போய்த் தேடாது, தேடத் தெரியவும் தெரியாது. 2003லிருந்து கே என்ற ரூட் சர்வரில் அதை ஓட்டினார்கள். வேகத்துக்காக மட்டும் இல்லை. எல்லா ரூட் சர்வரிலும் ஒரே மென்பொருள் ஓடினால், அதில் ஒரு பிழை வந்தால் எல்லாமே ஒன்றாகச் சாயும் என்ற பயமும் இருந்தது. ஊர் முழுக்க ஒரே ரக நெல்லை நட்டுவிட்டு ஆனைக்கொம்பன் பூச்சி வந்தால் என்ன கதி என்று மேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கூட்டம் 2008 மே மாதம் அன்பவுண்டின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. அது அலையும் ஆள் வேலைக்கு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014ல் தன் 10.0 பதிப்பில் பைண்டை அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு அன்பவுண்டை வைத்தது. ஓபன்பிஎஸ்டியும் பைண்டை விட்டுவிட்டு என்எஸ்டி, அன்பவுண்ட் இரண்டையும் வைத்துக்கொண்டது. பாதுகாப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் அது, அவர்கள் தேர்வுக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

டிஜேபிடிஎன்எஸ்ஸை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் சொன்னவருக்கு என் வயசு இருக்கும். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதியது. இரண்டு வேலையையும் தனித்தனி நிரலாகப் பிரிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். 2008 ஜூலையில் டான் கமின்ஸ்கி கண்டுபிடித்த கேச் விஷ ஓட்டை, அதாவது ரிசால்வரின் நோட்டில் பொய்யை எழுதவைக்கும் வழி, வெளிவந்தபோது உலகமே அலறியது. கேள்விக்கு அடையாளமாக இருந்த எண்ணில் 65,536 சாத்தியங்கள்தான், யூகித்துப் பொய்ப் பதிலை நுழைத்துவிடலாம். புறப்படும் போர்ட் எண்ணையும் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அன்றைக்குச் சொன்ன மருந்து. பெர்ன்ஸ்டைனின் நிரல் அதை முதலிலிருந்தே செய்துகொண்டிருந்தது. பாதுகாப்பு ஓட்டை காட்டுகிறவருக்கு 1,000 டாலர் என்று அறிவித்திருந்தார், 2009ல் ஒருவர் காட்டியதும் கொடுத்தும்விட்டார். இத்தனை மரியாதைக்கும் உரியது. ஆனால் அவர் வெளியிட்ட கடைசிப் பதிப்பு 1.05, 2001ல் வந்தது. பதில் உண்மையானதா என்று கையெழுத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் கிடையாது, புது முகவரி முறையான ஐபிவி6க்கு யாரோ எழுதிய ஒட்டு வேண்டும். அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி, பார்க்க ஆசையாக இருக்கும், தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஓட்ட வேண்டாம்.

பவர்டிஎன்எஸ்ஸும் நெதர்லாந்துக்காரர்களுடையதுதான். டொமைன் விவரங்களை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பலம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் டொமைன்களை வெப் பக்கத்திலிருந்தே திருத்தும் ஹோஸ்டிங்காரருக்கு அது வரம். ஒரு டொமைன் வைத்திருக்கும் கல்லூரிக்கு, டிஎன்எஸ்ஸோடு சேர்த்து ஒரு டேட்டாபேஸையும் காவல் காக்கும் வேலை. செக் நாட்டின் சிஇசட் நிக் எழுதும் நாட் டிஎன்எஸ் நல்ல பேர் வாங்கியது, நான் அதிகம் ஓட்டாததால் இதோடு விடுகிறேன். டிஎன்எஸ்மாஸ்க் சின்ன இடத்துக்கு. முகவரி வழங்கும் டிஹெச்சிபியும் அதிலேயே இருக்கும். ஆனால் அது தானாக ரூட் வரை அலையாது, இன்னொரு ரிசால்வரிடம் கேட்டுச் சொல்லும், அவ்வளவுதான். இயல்பாக நினைவில் வைப்பது 150 பெயர். வில்லாபுரத்தில் பத்து மெஷின் வைத்திருக்கும் கடைக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒரு குறையும் வந்ததில்லை.

"எது பாதுகாப்பு" என்ற உங்கள் கேள்விக்கு ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் கீடிராப் என்று ஒரு பிழை வெளிவந்தது. டிஎன்எஸ்செக் கையெழுத்தைச் சரிபார்க்கும் முறையிலேயே இருந்த கோளாறு, ஒரே பாக்கெட்டில் ரிசால்வரை நெடுநேரம் திணறவைக்கலாம். பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் ரிகர்சர், நாட் ரிசால்வர் எல்லாமே மாட்டின. எல்லாவற்றுக்கும் உடனே திருத்தமும் வந்தது. திருத்தத்தைப் போடாமல் விட்ட அன்பவுண்டைவிட, போட்ட பைண்ட் பத்திரமானது. உங்கள் பழைய சர்வரில் நான் பயப்படுவது பைண்டைப் பார்த்து இல்லை, அடியில் இருக்கும் டெபியனுக்கு அப்டேட் வருவது நின்றுபோயிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான்.

வேகத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். 180 மெஷினும் ஒரே நேரத்தில் நொடிக்கு பத்து கேள்வி கேட்டாலும் 1,800தான் ஆகிறது. காலை பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு தொடங்கும்போதுகூட அந்த அளவுக்குப் போகாது. நோட்டிலிருந்து பதில் சொல்லும்போது இவற்றில் எதுவாக இருந்தாலும் சாதாரண மெஷினில் அதைவிடப் பல மடங்கைத் தாங்கும். வேக ஒப்பீட்டு வரைபடங்கள் பெரிய நிறுவனங்களுக்கு, நமக்கு இல்லை.

ஆக லேபுக்கு என் வோட்டு அன்பவுண்டுக்கு. இது அபிப்பிராயம்தான், பைண்டை நன்றாகத் தெரிந்தவர் அதையே ரிசால்வராக மட்டும் ஓட்டினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அன்பவுண்டை நான் விரும்புவதற்குக் காரணம் அதன் அமைப்புக் கோப்பு ஒரே பக்கத்தில் அடங்கும், அடுத்து வருகிறவரும் படித்துப் புரிந்துகொள்வார். போட்டவுடன் அது தன் மெஷினைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லாது. லேப் முகவரி வரம்பை அக்சஸ் கன்ட்ரோலில் நீங்களே எழுதித் திறக்க வேண்டும். என்னைப் போல மறதிக்காரர்களுக்கு இந்தக் குணம் நல்லது. கேச் அளவு இயல்பாக 4 எம்பிதான், உங்களிடம் 8 ஜிபி இருக்கிறது, மெசேஜ் கேச்சை 64 எம்பி, ஆர்ஆர்செட் கேச்சை அதைப்போல் இரண்டு மடங்கு என்று வையுங்கள். ப்ரீஃபெட்ச்சைப் போட்டுவிடுங்கள், அடிக்கடி கேட்கும் பெயர்களைக் காலாவதியாகும் முன்பே புதுப்பித்துக்கொள்ளும். பைண்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால் இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். அதன் கேச் மெஷின் மெமரியில் 90 சதவீதம் வரை வளர அனுமதி உண்டு, வேறு வேலையும் அதே மெஷினில் ஓடினால் கையால் குறைத்து எழுதுங்கள்.

கல்லூரிக்குள் மட்டும் தெரிய வேண்டிய பெயர்கள் இருக்கும், லைப்ரரி சர்வர், அட்டெண்டன்ஸ் மெஷின் என்று. அதற்கு என்எஸ்டியோ பைண்டோ தனியாக வேண்டாம், அன்பவுண்டிலேயே லோக்கல் டேட்டா என்று எழுதினால் போதும். ஒரு குழி மட்டும் சொல்கிறேன், நான் விழுந்தது. ஜோனை டிரான்ஸ்பரென்ட் என்று போட்டு, கல்லூரியின் முக்கியப் பெயருக்கே உள் முகவரி ஒன்றை எழுதினால், அந்தப் பெயருக்கு மற்ற வகைக் கேள்விகள் வந்தால் 'இல்லை' என்று பதில் போய்விடும். அதாவது வெப்சைட் உள்ளே சரியாக வரும், ஆனால் உள்ளேயிருந்து கல்லூரி டொமைனுக்கு மெயில் போகாது, ஏனென்றால் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு மறைந்துபோயிருக்கும். டைப்டிரான்ஸ்பரென்ட் என்று போட்டால் தீர்ந்தது.

இனி, ரூட் வரை தானே அலைய விடுவதா, கூகிளின் 8.8.8.8 மாதிரி யாரிடமாவது தள்ளிவிடுவதா? தானே அலையட்டும் என்பேன். மெயில் சர்வர் வைத்திருந்தால் கட்டாயம். ஸ்பாம்ஹாஸ் போன்ற கருப்புப் பட்டியல்கள் பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளுக்குச் சரியான பதில் தராது. அப்படி இருப்பது தெரியாமல், பட்டியலைப் போட்டும் ஸ்பாம் ஏன் வருகிறது என்று மண்டையைக் குடைந்தவர்கள் நிறைய. ஆனால் அலைய விடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெயர் தேடிப் பார்க்கும் டிக் கட்டளையில் 192.0.2.1 என்ற முகவரியிடம் ஏதாவது ஒரு பெயரைக் கேளுங்கள். அது புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்காக ஒதுக்கிவைத்த முகவரி, அங்கே சர்வரே கிடையாது. பதில் வராமல் நின்றால் நல்லது. பதில் வந்துவிட்டால், உங்கள் இணைய இணைப்புக்காரர் டிஎன்எஸ் பேசும் 53ம் போர்ட்டில் போகும் எல்லாவற்றையும் நடுவில் மறித்துத் தானே பதில் சொல்கிறார் என்று அர்த்தம். அப்போது அன்பவுண்ட் சொந்தமாக அலைவதில் பயனில்லை. டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க வழியாகப் பேசும் வெளி ரிசால்வர் ஒன்றுக்குத் தள்ளிவிடுங்கள், அதுவும் அன்பவுண்டிலேயே முடியும்.

டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை வைத்திருங்கள், ஆனால் கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துகளுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. ஒரு மே மாத லீவில் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போன இடத்தில், ஃப்ரீபிஎஸ்டி போட்ட பழைய பெட்டி ஒன்று ஜூனில் எழுந்தபோது தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. தேதி தப்பு, அதனால் எல்லாக் கையெழுத்தும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை', அதனால் எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரின் பெயரும் கிடைக்கவில்லை, அதனால் தேதி சரியாகவே இல்லை. சாவி உள்ளே, பூட்டு வெளியே. டெபியனில் சிஸ்டம்டி கடைசியாக நினைவில் வைத்த நேரத்துக்காவது கொண்டுவந்துவிடும், ஆனால் இரண்டு மாத லீவுக்கு அது போதாமல் போகலாம். டவுன் ஹால் ரோட்டில் சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கி மாற்றுங்கள், என்டிபி சர்வர் ஒன்றைப் பெயரால் மட்டும் இல்லாமல் முகவரியாலும் எழுதிவையுங்கள்.

அடுத்தது கல்லூரியின் வெளி டொமைன். இங்கே என் யோசனை, அதை உங்கள் கட்டடத்திலேயே வைக்காதீர்கள் என்பது. முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் டொமைனுக்கு இரண்டு நேம் சர்வர் பெயர்கள் இருந்தன. இரண்டும் ஒரே மெஷின், முகவரி மட்டும் இரண்டு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் ஃபைபரை வெட்டிவிட்டார்கள், இரண்டு நாள். வெப்சைட் அமெரிக்காவில் ஏதோ ஒரு சர்வரில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆள் எங்கள் ரூமில் வாய் அடைத்துக் கிடந்தான். மெயில்கள் அனுப்பியவர்களின் வரிசையில் காத்திருந்து பிறகு வந்தன, அது புண்ணியம். இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1997லேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் சொன்னது: இரண்டாவது சர்வரை வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் வையுங்கள் என்று. அதனால் டொமைன் பதிவு செய்த இடத்தில் கிடைக்கும் டிஎன்எஸ் சேவையே உங்களுக்குப் போதும். இல்லை, நானே வைத்தால்தான் ஆகும் என்றால், வெளியே இரண்டு வேறு நிறுவனங்களில் சின்ன வாடகை சர்வர் எடுத்து ஒவ்வொன்றிலும் என்எஸ்டி போடுங்கள். ஒன்று முதன்மை, மற்றது அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் 53ம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறந்துவிடாதீர்கள், நகல் எடுப்பதும் பெரிய பதில்களும் டிசிபியில்தான் போகும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் ஆளைக் கவிழ்ப்பவை இரண்டு. ஜோன் ஃபைலில் முழுப் பெயரின் கடைசியில் வைக்க வேண்டிய புள்ளி, அதை விட்டால் டொமைன் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஜோன் ஃபைல் எத்தனையாவது பதிப்பு என்று காட்டும் சீரியல் எண். திருத்திவிட்டு அதைக் கூட்டாமல் விட்டால் இரண்டாவது சர்வர் நகலே எடுக்காது, பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. இரவு பதினொரு மணிக்குத் திருத்தம் செய்யாதீர்கள் என்பதைத் தவிர இதற்கு நான் கண்ட மருந்து கிடையாது.

பைண்டைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாணவர்களுக்கு டிஎன்எஸ் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் பைண்டையே ஒரு தனி மெஷினில் போட்டுக் கொடுங்கள். அதன் ஜோன் ஃபைல் வடிவம் 1987ல் வந்த ஆர்எஃப்சி 1035 சொல்லும் வடிவம்தான், என்எஸ்டியும் நாட் டிஎன்எஸ்ஸும் அதையே படிக்கும், கற்றது வீண் போகாது. டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் டொமைன் ஒன்றை எழுதவைத்து, அது சர்வருக்குள் ஆங்கில எழுத்துகளாக மாறி எப்படி நிற்கிறது என்று காட்டினால் பிள்ளைகள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவருக்கு ஒரு பதில், வெளியே இருப்பவருக்கு வேறு பதில் என்று பெரிய அளவில் பிரித்துச் சொல்ல வேண்டிய நிறுவனங்களுக்கும் பைண்டின் வியூ வசதி இன்றைக்கும் நன்றாகக் கைகொடுக்கிறது.

மாற்றும் வேலையை செமஸ்டர் பிராக்டிகல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷினில் உபுண்டு போட்டிருந்தால் 53ம் போர்ட்டை 127.0.0.53ல் சிஸ்டம்டி ரிசால்வ்ட் பிடித்துவைத்திருக்கும், அன்பவுண்ட் எல்லா முகவரியிலும் உட்காரப் பார்த்தால் அங்கேதான் இடிக்கும். அன்பவுண்ட் எழுந்ததும் உங்கள் மெஷின் ஒன்றை மட்டும் அதன் பக்கம் திருப்பி இரண்டு நாள் வேலை பாருங்கள். அப்புறம் ஒரு லேப், அப்புறம் டிஹெச்சிபியில் முகவரியை மாற்றி எல்லோரையும். பழைய பைண்டை உடனே நிறுத்திவிடாதீர்கள், அதில் கேள்விகளைப் பதிவு செய்யும் வசதியை ஒரு வாரத்துக்குப் போட்டுவிட்டு யார் இன்னும் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிரின்சிபால் ரூம் பிரிண்டரோ, என்றைக்கோ யாரோ கையால் முகவரி போட்டுவிட்டுப் போன சிசிடிவி பெட்டியோ, கட்டாயம் ஒன்று வரும்.